தண்ணி வார்க்காத பிள்ளை

சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து ‘நூறு’ என்று குரல் கொடுக்கிற லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் சிலர் கடல் கடந்து போய்விட்டீர்கள். சிலர் இதே திருப்பூரில் ஏதோ ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் முன்னால் குனிந்திருக்கிறீர்கள். முப்பது வயதுகூட ஆகாதவனுக்கு நினைவுக் குறிப்பு என்ன வேண்டிக் கிடக்கிறது என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். அகதி முகாமில் பிறந்தவனுக்கு வயது கொஞ்சம் வேகமாகத்தான் ஏறுகிறது.

எழுத உட்கார வைத்தது ஒரு மேடைப் பேச்சு. போன மாதம் முகாமுக்குத் துணி கொடுக்க வந்த ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, “எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்த ஜனங்கள்” என்றார். திருப்பூரில் இருக்கிறவர்களுக்குத் துணி கொடுக்க வந்ததே ஒரு வேடிக்கை, அதை விட்டுவிடலாம். ‘எல்லாவற்றையும்’ என்றாரே, அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. விட்டுவிடு விட்டுவிடு என்று ஆளாளுக்கு நெருக்கியபோதும் விட மாட்டேன் என்று நின்ற ஒருத்தி நம் முகாமில் இருந்தாள். என் அம்மா. அவளைப் பார்த்து வளர்ந்துவிட்டு, அந்தப் பேச்சுக்குக் கைதட்ட என்னால் முடியவில்லை.

இலங்கையில் போர் முடிந்துவிட்டது என்று டிவி சொன்ன அந்த வருஷத்து மே மாதம். வெயில் எப்படி அடித்தது என்று உங்களுக்கே தெரியும். கூரைத் தார் ஷீட் உருகிச் சொட்டியதை உருட்டிக் கோலிக்குண்டு செய்தவர்கள் நாம். பெரியவர்கள் பொதுக்கூடத்து டிவி முன்னால் சோறு தண்ணி மறந்து கிடந்தார்கள். வெளியே ஊர் தன் பாட்டுக்கு ஓடியது. கம்பெனி வேன்கள் நேரத்துக்கு வந்து ஹாரன் அடித்தன. முகாமுக்குப் பின்னால் போகும் சாயத்தண்ணி ஓடை ஒரு நாள் ஊதா, ஒரு நாள் பச்சை. அது மிளகாய்ச் சிவப்பாக ஓடிய அன்று, பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்று அதையே பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமி எங்களுக்குச் சொந்தம் இல்லை. முகாமில் யார்தான் சொந்தம், யார்தான் சொந்தமில்லை? எந்த வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முறை சொல்வது அவள்தான். அவளுடைய ஒரே மகன் அங்கே வன்னியில் மாட்டிக்கொண்டிருந்தான். யாரோ பார்த்ததாக யாரோ சொன்ன ஒரு செய்தியை நம்பி, செத்தவர்களுக்குச் செய்யும் எட்டுச் செலவை அந்த வாரமே அவனுக்குச் செய்துவிட்டாள். உடல் இல்லை, போன நாளும் தெரியாது. அவனுக்கு இறால் பிடிக்குமாம். இங்கே நல்ல இறால் எங்கே கிடைக்கும்? கோழி வைத்துப் படைத்தாள். “மன்னிச்சுக்கொள்ளடா, இந்த ஊரில கடல் இல்லை” என்று இலையைப் பார்த்துச் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது.

அம்மாவுக்குக் கூடப் பிறந்தது ஒரே தம்பி. என் அக்கா கைக்குழந்தையாக இருந்தபோது மன்னார்க் கரையில் அவளைப் படகுக்குள் தூக்கிக் கொடுத்தது அவர்தான். அடுத்த படகில் வருகிறேன் என்றாராம். அவர் வரவில்லை, போன் மட்டும் எப்போதாவது வரும். இங்கே அரசு ஆஸ்பத்திரியில் பிறந்த எனக்கு மாமா என்றால் ஒரு இரைச்சல்தான். கரகரவென்று இரைகிற போனுக்குள்ளிருந்து, “சின்னவன் என்ன செய்யிறான்?” என்று கேட்கும் ஒரு குரல். அந்த வருஷப் பொங்கலுக்குப் பிறகு அந்தக் குரலும் நின்றுவிட்டது. அம்மா டிவி பக்கம் போகவே இல்லை. அங்கிருந்து யாருக்குப் போன் வந்தாலும் ஓடிப்போய்த் தம்பி பேரைச் சொல்லிக் கேட்பாள். போனைப் பனியன் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்து பீஸ்களுக்குப் பிசிறு வெட்டுவாள். குளிக்கப் போகும்போது அக்காவிடம் கொடுப்பாள். “அடிச்சா கதவைத் தட்டு. எடுத்துக் கதைச்சுக்கொண்டு நிக்காத, முதல்ல தட்டு.”

இதற்கு நடுவில்தான் அக்கா பெரியபிள்ளை ஆனாள்.

அப்பா அயர்ன் மாஸ்டராக வேலை செய்த கம்பெனியிலிருந்து ஒதுக்கிப் போட்ட ஒரு சாம்பல் நிறத் துணி ரோல் வீட்டில் கிடந்தது. பின்னும்போது ஊசி உடைந்து வரிசையாக ஓட்டை விழுந்த துணி. அதைக் குறுக்கே கட்டி, பத்தடி வீட்டில் ஒரு மூலையை அக்காவுக்கு ஒதுக்கினாள் அம்மா. குறுக்கே உலக்கையைப் போட்டாள், வேப்பிலை செருகினாள். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தம்மாக் களியும் அந்தப் பக்கம் போயின. ஓட்டைகள் வழியாக எனக்கு அக்காவின் ஒரு கண் மட்டும் தெரியும். “களி வேணுமோடா?” என்று கண் கேட்கும். கரண்டி ஓட்டைக்குள் வராது என்பதால், திரைக்கு அடியில் கை நீளும்.

முறை என்ன என்று உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளைகள் படிக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். ஒற்றைப்படை நாளில் பெண்ணுக்குத் தண்ணி வார்க்க வேண்டும். தாய்மாமன் தேங்காய் உடைத்த பிறகுதான் முதல் செம்புத் தண்ணீர் தலையில் விழும். அதுவரை அந்த வீட்டுக்குத் துடக்கு, இங்கே தீட்டு என்பார்கள். பிள்ளை திரையை விட்டு வரக்கூடாது, கோயில் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. அவளைத் தொட்டவர்கள் குளிக்காமல் குடத்தைத் தொடக்கூடாது.

ஆனால் முகாமில் பாதி வீட்டுத் தாய்மாமன்கள் கனடாவிலும் பிரான்சிலும் அல்லவா இருந்தார்கள்? அதற்கும் நம் பெரியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். தேங்காய்த் தட்டில் போனை வைத்து ஸ்பீக்கரில் போடுவார்கள். அங்கிருந்து மாமா ‘உடையுங்கோ’ என்று வாய் திறந்து சொன்னதும், அவர் சார்பில் இங்கே ஒருவர் உடைப்பார். நாம் ‘போன் மாமா’ என்று கிண்டல் பண்ணுவோமே, அதுதான். கடைசி லைன் வீட்டுப் பிள்ளைக்குத் தண்ணி வார்த்த அன்று, இங்கே நல்ல நேரம், அங்கே கனடாவில் விடிகாலை. அக்குளுக்குள் போனை வைத்துக்கொண்டு மாமா தூங்கிப்போனார். ஸ்பீக்கரில் குறட்டை மட்டும் வருகிறது. எல்லாரும் மாமியைப் பார்த்தார்கள். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “குறட்டையும் குரல்தான். உயிரோட இருக்கிறவன்தானே குறட்டை விடுவான்? உடையடா!”

செத்துப்போன மாமனுக்குப் போன் வேண்டாம். மாமன் முறையுள்ள யாரும் கேட்காமலே உடைக்கலாம்.

இங்கேதான் அம்மா நின்றாள். தம்பி போன் எடுக்கட்டும், அதாவது அவனே கூப்பிடட்டும், எடுத்தவுடன் வார்க்கலாம் என்றாள். முதல் ஒற்றைப்படை நாள் போயிற்று, அடுத்ததும் போயிற்று. மாமி ஒரு மத்தியானம் வந்து வாசலிலேயே நின்றாள். துடக்கு வீட்டுக்குள் அவள் கால் வைக்க மாட்டாள்.

“பிள்ளையை எத்தினை நாளைக்கடி மூலைக்குள்ள வைச்சிருக்கப் போறாய்? மாமன் முறைக்கு இந்த முகாமில ஒரு ஆம்பிளை இல்லையோ?”

“இருக்கினம். என்ர தம்பி சொல்லாம அவை எப்பிடி உடைக்கிறது?”

“சொல்லுறதுக்கு அவன் இருக்க வேணுமே.”

அம்மா மாவு சலித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. “இருக்கிறான்.”

“ஆர் சொன்னது?”

“இல்லையெண்டு ஆர் சொன்னது?”

“என்ர வயித்தில பிறந்தவனுக்கே நான் எட்டுச் செலவு செய்திட்டன். நீ தம்பிக்காரனுக்குக் கொடி பிடிக்கிறாய்.”

“உங்கட பிள்ளை, நீங்கள் செய்தீங்கள். ஏனெண்டு நான் கேட்டனானே? அவன்ர குரல் கேக்காம இஞ்ச நான் உடைச்சனெண்டா, அது தேங்காய் இல்லை மாமி. அவன்ர தலை.”

மாமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். திரும்பிப் போய்விட்டாள். அன்று சாயந்தரம் முதல் தண்ணிக் குழாயில் எங்கள் குடம் கடைசிக்குப் போனது. துடக்கு வீட்டுக் குடம் என்று காரணம் சொன்னார்கள். மாமி பொல்லாதவள் என்று அப்போது பல்லைக் கடித்தேன். இப்போது வேறு ஒன்று தெரிகிறது. என் அம்மா சொல்வது சரியென்றால், தன் மகனைச் சாகடித்தது யார் என்று மாமி தன்னையே கேட்க வேண்டியிருந்திருக்கும். அந்த ஒரு கேள்வி வராமல் இருக்கவாவது அக்காவுக்குச் சீக்கிரம் தண்ணி வார்த்தாக வேண்டும்.

அப்பா சத்தம் போடும் ஆள் இல்லை. சத்தம் இல்லாமல் ஒரு காரியம் செய்தார். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தன் முதலாளியைப் போய்க் கேட்டுவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முகாம் வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. முன்சீட்டில் வெள்ளை வேட்டியில் முதலாளி. நெருப்பெரிச்சல் கிராமத்துப் பக்கம் கம்பெனி, தோட்டம் துரவு உள்ள ஆள். பின்னால் தட்டுத் தட்டாகச் சீர்: பழம், பட்டுப்பாவாடை, வளையல், சந்தனம், ஒரு வாழைத்தார், பிள்ளை உட்காரக் குச்சுக் குடிசை கட்ட ஒரு கட்டுப் பச்சைத் தென்னை ஓலை. நம் கூட்டம் முழுக்க வண்டியைச் சுற்றி நின்றது. நீங்களும் நின்றீர்கள், ஆப்பிளை எண்ணினீர்கள்.

“ஏனுங் மாஸ்டர், குச்சு எங்கீங்க கட்றது?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். “எங்க பக்கமெல்லாம் மாமன் வந்து பச்சை ஓலை கட்டாம ஒரு வேலையும் ஆகாதுங்க. தோட்டத்துலருந்து இப்பத்தான் வெட்டியாந்தது.” என்னைப் பார்த்து, “கண்ணு, அந்தத் தேங்காய்த் தட்டைச் சூதானமா எறக்கு சாமி” என்றார். ஓலைக் கட்டை டிரைவர் எங்கள் வாசலில் போட்டாயிற்று.

அம்மா வெளியே வந்தாள். ஓலையைப் பார்த்தாள், தட்டுகளைப் பார்த்தாள், கடைசியாக அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார்.

“வாங்கோ” என்றாள் முதலாளியிடம். “இருங்கோ. தேத்தண்ணி போடுறன். தட்டுகளை மட்டும் இறக்காதேங்கோ.”

அவர் அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். “இருக்கட்டுமுங் அம்மிணி, நமக்குள்ள என்னங்க. மாஸ்டர் கை பட்ட பீஸ்ல ஒரு சுருக்கம் பாக்க முடியாதுங்க. அவரு புள்ளை என்ற தங்கச்சி புள்ளை மாதிரி.”

“மாதிரி எண்டா சரி. மாமன் எண்டா இல்லை.”

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் பொறுமையாகப் பேசினார். “மாஸ்டர் எல்லாஞ் சொன்னாருங்க. கேக்கவே மனசுக்கு நெம்பக் கஷ்டமாப் போச்சு. என்னை அண்ணன்னு நெனச்சுக்கங்க. தம்பி வந்தா தம்பி தனியா அவரு சீரைச் செய்யட்டுமுங்க.”

“எனக்கு அண்ணன் இல்லை. ஒரு தம்பி. இருக்கிறான். அவன் சொல்லாம இந்த வாசல்ல தேங்காய் உடையாது.”

“சீர் கொண்டு வந்த வண்டியைத் திருப்பி உடற பழக்கம் எங்கூர்ல இல்லீங் அம்மிணி.”

“எங்கட ஊரிலயும் இல்லை. இருக்கிறவனை இல்லையெண்டு சொல்லுற பழக்கமும் இல்லை. கோவிக்காதேங்கோ.”

 கொங்கு நாட்டில் மாமன் சீரைத் திருப்பி அனுப்புவது எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்கு அப்போது தெரியாது. எத்தனை பேர் பார்க்க அந்த மனுஷர் அதைத் தாங்கிக்கொண்டு நின்றார் என்பதும் தெரியாது. வேட்டியை மடித்துக் கட்டினார். அம்மா கொண்டுவந்து நீட்டிய தேநீரைத் தொடவில்லை. வண்டி போன பிறகுதான் ஓலைக் கட்டு வாசலிலேயே கிடப்பதைப் பார்த்தோம். யார் எடுப்பது என்று நாங்கள் யோசிப்பதற்குள் முகாம் ஆடுகள் முடிவு செய்துவிட்டன.

மறுநாள் அப்பா கம்பெனி கேட்டிலிருந்தே திரும்பி வந்தார். வேலை கம்மி, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். அன்றுதான் அப்பா சத்தம் போட்டு நான் முதன்முதலாகக் கேட்டேன்.

“உனக்கென்ன தெரியும்? இந்த ஊரில எங்களுக்கு ஆர் இருக்கினம்? பொலிஸ் வந்து கேட்டா, ஆஸ்பத்திரியில கேட்டா, இது என்ர தங்கச்சி வீடு எண்டு முன்னால வந்து நிக்க ஒரு ஊராள் வேணும். நாளைக்கு இவளுக்கு ஒரு கலியாணம், இவனுக்கு ஒரு வேலை. ஆர் கையைப் பிடிச்சுக்கொண்டு போறது? ஒரு தேங்காய்தானே கேட்டனான்!”

“அதுக்கு என்ர தம்பியைக் குடுக்க ஏலாது.”

அப்பா வெளியே போய்விட்டார். முதலாளியிடம் நல்ல பேர் வாங்கத்தான் அப்பா இதைச் செய்தார் என்று வெகு காலம் நினைத்திருந்தேன். நான் வேலை தேடி அலைந்த நாளில், இங்கேயே பிறந்த என்னை எந்த நாடு எந்த நாடு என்று ஒவ்வொரு மேஜையிலும் கேட்டபோதுதான் அந்த மனுஷனின் பயம் எனக்குப் புரிந்தது. அவர் விருந்துக்கு ஆள் கூப்பிடவில்லை. எங்களுக்கு ஒரு வேலி கேட்டார்.

நாலைந்து நாள் கழித்து, முகாமுக்கு எதிரே டீக்கடையில் முதலாளி உட்கார்ந்திருப்பதாக ஆள் வந்தது. அப்பாவோடு நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

“உக்காருங் மாஸ்டர். எனக்குக் கோவமுங்க. நெம்பக் கோவம், மறைச்சு என்னாகப் போவுது. வூட்டுல சோறு எறங்கல. அப்பறம் என்ற தங்கச்சி நெனப்பு வந்துச்சு. நான் எங்கியோ சிக்கிக் கெடக்கறன்னு வைங்க. இங்க அவ வூட்டுல இன்னொருத்தன் மாமன்னு சொல்லிட்டுத் தட்டோட போய் நின்னா, திரும்பி வந்து அவனை நான் உட்டுருவனா? உங்கூட்டம்மா பேசுனது ஞாயந்தானுங்க. நாளைக்கு வேலைக்கு வந்துருங்க.” டீயை உறிஞ்சிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஆனா மாஸ்டர், அந்த ஓலையை ஆட்டுக்குப் போட்டுட்டீங்களாமா. அது மட்டும் எனக்கு மனசு ஆறலீங்க.”

அப்பா வேலைக்குப் போனார். ஆனால் திரை அப்படியேதான் தொங்கியது. போன் அடிக்கவில்லை. ஜூன் பிறந்து, பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியது.

அக்கா ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். எங்கள் வீட்டில் படிப்பு என்பது அவளும் நானும்தான். அம்மா நாலாம் வகுப்பில் இருந்தபோது, குண்டுக்கு ஓடிவந்த ஜனங்களை அவள் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். வகுப்பறைகளில் அடுப்பு எரிந்தது. பிறகு அவள் படிக்கவே இல்லை. அப்பாவுக்கு அந்த நாலும் இல்லை. முகாமில் அப்போது ஒரு பிள்ளை திரைக்குள் போய் ஒரு மாதம் தாண்டினால், பள்ளிக்கூடம் அவளை மறந்துவிடும், கம்பெனி வேன் ஞாபகம் வைத்துக்கொள்ளும். தண்ணி வார்த்ததும் செக்கிங் வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று பெண்கள் எங்கள் வாசலில் நின்றே பேசினார்கள். துணிக்கு உள்ளே இருப்பவளுக்குக் காது இல்லையா?

ஒரு சாயந்தரம் அக்கா திரைக்கு உள்ளிருந்து கேட்டாள். “அம்மா, மாமா எடுப்பாரோ?”

“எடுப்பான்.”

“பள்ளிக்கூடம் திறக்க முதல் எடுப்பாரோ?”

அம்மா அடுத்த பீஸை எடுத்துப் பிசிறு வெட்டத் தொடங்கினாள்.  தம்பியைப் பிடித்துக்கொண்டால் மகள் போகிறாள். மகளை அனுப்ப வேண்டுமானால் தம்பியைச் சாகடிக்க வேண்டும். அம்மா வெட்டிக்கொண்டே இருந்தாள். நல்ல பீஸ் ஒன்றின் கையை அன்று சேர்த்து வெட்டிவிட்டாள்.

பள்ளிக்கூடம் திறந்த நாள், தண்ணி வரும் நேரம். குழாயடியில் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். அம்மா கடைசி. நான் புதுப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். பின்னால் திரை விலகியது. அக்கா உலக்கையைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்தாள். போன வருஷத்துச் சீருடை, கை குட்டையாகிவிட்டது. இத்தனை நாள் வெயில் படாத முகம் மஞ்சள் பூத்திருந்தது. தலையைத் தானே அவசரமாகப் பின்னியிருந்தாள், ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. என் கையைப் பிடித்தாள். குழாயடியைத் தாண்டித்தான் பாதை.

மாமிதான் முதலில் பார்த்தாள். “எங்கயடி வெளிக்கிட்டாய்?”

“பள்ளிக்கூடம், மாமி.”

“தண்ணி வாக்காமலோ? துடக்கோடயோ?”

“ஓம். மாமா எடுத்தாரெண்டால் சொல்லுங்கோ, நாலரைக்குப் பள்ளிக்கூடம் விடும். வந்தவுடன வாக்கலாம்.”

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்தினாள். குழாய்க்கு அடியில் குடம் நிரம்பி வழிந்தது, யாரும் எடுக்கவில்லை. எல்லாக் கண்களும் வரிசையின் கடைசிக்குப் போயின. அப்பா வேலைக்குக் கிளம்பிய சட்டையோடு வீட்டு வாசலில் நின்றுவிட்டார். இனி அம்மா என்ன செய்வாள்? அடித்து உள்ளே தள்ளுவாளா? 

அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அக்காவைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள். இரண்டு சடையையும் அவிழ்த்தாள். அத்தனை பேருக்கும் முன்னால், தொடக்கூடாத பிள்ளையின் தலையில் பத்து விரலையும் விட்டுக் கோதி, இழுத்து, இறுக்கி, இரண்டும் ஒரே உயரத்தில் வருகிற மாதிரி பின்னிவிட்டாள். ரிப்பனைக் கடித்து முடிச்சுப் போட்டாள். “நேரா நட. ஆரும் என்ன கேட்டாலும் நிண்டு பதில் சொல்லிக்கொண்டிராத” என்றாள்.

பிறகு அந்தக் கையோடே போய்த் தன் குடத்தைத் தூக்கினாள். வரிசையின் கடைசிக்குப் போகவில்லை. நேரே குழாய்க்குப் போனாள். குழாய்க்கு அடியில் மாமியின் குடம் இருந்தது.

மாமி அம்மாவின் கையைப் பார்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் நடந்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தோம். அவள் ஊரைக் கூட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். மாமி தன் குடத்தை இடுப்புக்கு ஏற்றிக்கொண்டு நகர்ந்தாள். “இந்தக் குடும்பத்துக்கே திமிர்” என்றாள். இரண்டு எட்டு போனவள் நின்று, திரும்பாமலே கேட்டாள். “எடியே, உன்ர தம்பியைத் தேடி விசாரிக்கிறாயெல்லோ… அங்க கேக்கேக்க என்ர பிள்ளையின்ர பேரையும் சேர்த்துக் கேக்கிறியோ?”

“கேக்கிறன்” என்றாள் அம்மா. குடத்துக்குள் தண்ணீர் விழும் சத்தம் முகாம் வாசல் வரைக்கும் எங்களோடு வந்தது.

அடுத்த வருஷம் மூன்றாவது லைனில் ஒரு பிள்ளைக்குத் தண்ணி வார்க்கவில்லை. அந்த வீட்டிலும் ஒரு தாய்மாமனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பிறகு கோயிலடி வீட்டில் ஒருத்தி. எல்லாரும் ஒன்றாகத்தான் பள்ளிக்கூடம் போவார்கள். ‘தண்ணி வார்க்காத செட்’ என்று பின்னாலிருந்து கத்தியது யார் யார் என்று நான் இங்கே எழுதவில்லை, பயப்படாதீர்கள். அதில் கம்பெனி வேனில் ஏறியவள் ஒருத்திகூட இல்லை என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

மாமாவைப் பற்றி வெகுகாலம் கழித்து ஒரு செய்தி வந்தது. போரின் கடைசி நாளில் ராணுவத்திடம் கையைத் தூக்கிக்கொண்டு போன வரிசையில் அவர் நின்றதை, அவரை ஒரு பஸ்ஸில் ஏற்றியதை, ஒருவர் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். பஸ் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அம்மா அந்த மனிதரிடம் மாமியின் மகன் பேரையும் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை மாமியிடம் போய்ச் சொன்னபோது, மாமி தலையை ஆட்டிக்கொண்டு, “தெரியாதெண்டுதானே சொன்னவர்? இல்லையெண்டு சொல்லேல்லையே” என்றாள்.

அக்கா இன்று ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆகி ஒரு மகளும் இருக்கிறாள். அக்காவுக்கு இன்னும் தண்ணி வார்க்கவில்லை. இத்தனை வருஷம் ஆகிவிட்டது, இனியாவது மனதைத் தேற்றிக்கொண்டு நடந்ததை ஏற்றுக்கொள்ளக்கூடாதா என்று நல்ல மனதோடு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். அக்கா அவர்களிடம் கோபப்படுவதில்லை. வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்கிறாள்:

“மாமாவை ஏத்திக்கொண்டு போனவை இன்னும் வாய் திறக்கேல்லை. நாங்கள் ஏன் முந்திக்கொண்டு இல்லையெண்டு சொல்ல வேணும்?”